பழைய வீட்டு ரிப்போர்ட்டில் 14 குறை: எதற்குப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது

போன மாதம் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பினான். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் 30-க்கு 40 அடி சைட்டில் ஒரு வீடு. கீழ்த்தளம் 1988-இல் கட்டியது, முதல் மாடி 1999-இல், அதற்கு மேல் வாடகைக்கென்று இன்னொரு தளம் 2008-இல். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறான். நம் ஆட்களில் இதைச் செய்பவர்களே குறைவு. பதினொரு பக்கம், 14 குறைகள், கடைசிப் பக்கத்தில் சீல். கூடவே ஒரே ஒரு வரி: "அண்ணே, வாங்கலாமா வேணாமா?"

அந்த ரிப்போர்ட்டில் ஒன்பதாவது குறை, படுக்கையறைப் பூச்சில் முடி மாதிரி விரிசல். பத்தாவது குறை, மாடிப்படிக்கு மேலே உள்ள மோல்டில், அதாவது காங்கிரீட் கூரைத்தளத்தில், கம்பி துருப்பிடித்திருப்பது. இரண்டும் ஒரே எழுத்தில், ஆளுக்கு ஒரு வரி. முதலாவதுக்கு ஒரு டப்பா புட்டி போதும். இரண்டாவதுக்கு எவ்வளவு ஆகும் என்பது தட்டிப் பார்த்தால்தான் தெரியும். குறைகளை வரிசையாக எழுதுவதோடு இன்ஜினியர் நிறுத்திக்கொண்டால், எது பூச்சு, எது எலும்பு என்று பிரிக்கும் வேலை வாங்குகிறவன் தலையில் விழுகிறது. நான் இருபது வருஷமாகக் கட்டட ரிப்பேர் வேலையில் இருக்கிறேன். அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பேங்க்காரங்களே வந்து பார்த்துட்டு லோன் தர்றாங்க, வீடு நல்லாத்தானே இருக்கும்?" என்று பலர் கேட்கிறார்கள். வங்கி அனுப்பும் வேல்யூயர் பார்ப்பது, இதை விற்றால் கடன் தேறுமா என்பதை. பெங்களூரில் 1,200 சதுர அடி மண்ணின் விலையே கடனைத் தாங்கிவிடும். மேலே நிற்கும் வீடு அவர் கணக்கில் ஓரமாகத்தான் வரும். அவர் மொட்டை மாடிக்கு ஏறினாலே அதிசயம்.

வீடு பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், சின்னச் சுத்தியல், பென்சில், பழைய ஏடிஎம் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். செங்கல் சுவர் விரிசலில் கார்டு நுழையவில்லை என்றால் அன்றைக்குத் தூக்கம் கெட வேண்டியதில்லை. காங்கிரீட் தூண், பீம் என்றால் கணக்கு வேறு: அங்கே இந்தியக் காங்கிரீட் விதிநூல் பொதுவாக அனுமதிப்பதே 0.3 மில்லிமீட்டர்தான்.

அப்புறம், வீடு எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊரில் பழைய தனி வீடுகள் பெரும்பாலும் சைஸ் கல் கடைக்கால் (அஸ்திவாரம்), 9 அங்குலச் செங்கல் சுவர். பாரத்தைச் சுமப்பது சுவர்தான். பின்னால் வந்தவற்றில் தூணும் பீமும் சுமக்கும், நடுவில் சாலிட் பிளாக் சுவர் சும்மா நிற்கும். ஒரே விரிசல் முதல் வகை வீட்டில் நோயாகவும் இரண்டாம் வகையில் வெறும் தழும்பாகவும் இருக்கும். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே இது இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் முதல் கேள்வி இதுதான்.

சன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறும் விரிசல்

செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு ஏணிப்படி மாதிரி சாய்வாகப் போகும். ரிப்போர்ட்டில் "டிஃபரன்ஷியல் செட்டில்மென்ட்" என்று இருக்கும். அதாவது வீட்டின் ஒரு பகுதி மற்றதைவிட அதிகமாக இறங்கியிருக்கிறது. விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் வீட்டின் மூலை இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி தொய்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் எங்கே தோண்டிப் பார்ப்பது என்பது தெரிந்துவிடும்.

மூலை இறங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது சம்ப்பை, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை. காவேரித் தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில் சம்ப் இல்லாத வீடு கிடையாது. முன்புறம், கடைக்காலை ஒட்டியே கட்டியிருப்பார்கள். அது கசிந்தால் வருஷக்கணக்கில் கடைக்கால் மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும். ராத்திரி மோட்டார், வால்வு எல்லாம் மூடிவிட்டு, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் தெரிந்துபோகும். செலவில்லாத சோதனை. அடுத்த சந்தேகம் சாக்கடைக் குழாய். மூன்றாவது, பக்கத்து சைட்டில் புதிதாக செல்லார் (நிலவறைத் தளம்) தோண்டியிருக்கிறார்களா என்பது. தடுப்பில்லாமல் பத்தடி தோண்டினால் இந்தப் பக்கத்து மண் அந்தப் பக்கம் நகரும்.

இதற்கெல்லாம் மேலே, அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று தெருவில் உள்ள பெரியவர்களைக் கேளுங்கள். பெங்களூரின் செம்மண் நல்ல மண். கடைக்கால் கெட்டியாக உட்காரும். ஆனால் இந்த ஊர் ஏரிகளை மூடி வளர்ந்தது. மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. பேர் தெரியாத குட்டைகளும் ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் ஓரங்களும் இன்னும் எத்தனையோ. லாரி லாரியாகக் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய மண்ணின் மேல் நிற்கும் வீடு, மழைக்கு மழை கொஞ்சம் இறங்கும்.

கடைசியாக, விரிசல் இன்னும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இதுதான். 1990-இல் இறங்கி, அதோடு நின்றுபோன 4 மில்லிமீட்டர் விரிசல் என்னைப் பயமுறுத்தாது. போன மழையில் பிறந்த ஒரு மில்லிமீட்டர் விரிசல் பயமுறுத்தும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து உள்ளே பாருங்கள். விரிசலுக்குள் பழைய பெயிண்ட், தூசி, ஒட்டடை இருந்தால் பழையது. விளிம்பு கூர்மையாக, உள்ளே செங்கல் பளிச்சென்று சிவப்பாக இருந்தால் புதியது. ஏற்கெனவே அடைத்த இடமே திரும்பப் பிளந்திருந்தால் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பக்கத்துக் கதவு நிலையில் உரசுகிறதா, உரசாமல் இருக்க யாராவது மேல் விளிம்பை இழைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்; இழைத்த இடத்தில் மரம் வெளுப்பாக இருக்கும். வீட்டுக்காரர் சம்மதித்தால் விரிசலின் இரு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டு, குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைக்கலாம். கண்ணாடி இழுபடாது, சுவர் நகர்ந்தால் உடையும்.

கூரைக்குக் கீழே படுக்கைவாட்டில் ஓடும் விரிசல்

மேல்தளத்தில் மட்டும், மோல்டும் சுவரும் சேரும் இடத்தில் கோடு கிழித்த மாதிரி இருக்கிறதா? பயப்படாதீர்கள். வெயிலில் காங்கிரீட் தளம் நீளும், ராத்திரி சுருங்கும். கீழே உள்ள செங்கல் சுவர் அந்த அளவுக்கு அசையாது. இரண்டுக்கும் நடுவே தினமும் நடக்கும் இழுபறி அது. சிமென்ட் வைத்து அடைத்தால் அடுத்த ஏப்ரலில் திரும்ப வரும், அதற்காக மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை. ரப்பர் போல இழுபடும் சீலன்ட் போட்டு, மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் குறையும். மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்காமல் இருந்தால் சரி.

தூணும் பிளாக் சுவரும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஓடும் கோடும் இதே ஜாதிதான். பூச்சில் சிலந்திவலை மாதிரி பரவியிருப்பதைப் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள்.

மோல்டின் அடியில் துருக்கறை, பெயர்ந்து விழுந்த காங்கிரீட்

ரிப்போர்ட்டில் "ஸ்பாலிங்", "கரோஷன்", "எக்ஸ்போஸ்டு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்" என்று எந்தப் பெயரில் இருந்தாலும், படித்த உடனே நிறுத்திவிட்டு விசாரியுங்கள். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு உப்பும். உள்ளிருந்து நெட்டித் தள்ளித்தான் காங்கிரீட்டைப் பெயர்க்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒரு அடிக்குப் பக்கத்தில், தெரியாத நாலு அடி இருக்கலாம். அதனால்தான் சுத்தியல். அடிக்கக்கூடாது, தட்ட வேண்டும். நல்ல காங்கிரீட் "டங்" என்று திருப்பிச் சொல்லும். கம்பியை விட்டுப் பிரிந்தது "டொப்" என்று பானை மாதிரி ஒலிக்கும். டொப் என்ற இடங்களைச் சுற்றி பென்சிலால் வட்டம் போட்டு, எத்தனை சதுர அடி என்று கூட்டினால் செலவு தானாகத் தெரியும்.

கம்பி ஏன் துருப்பிடித்தது? ஒன்று, தண்ணீர்: கழிவறைக்கு அடியில், மாடித் தொட்டிக்கு அடியில், மாடிப்படி முகப்பில். இன்னொன்று வயசு. புதுக் காங்கிரீட்டுக்குக் காரத்தன்மை உண்டு. அதுதான் கம்பிக்குப் போர்வை. காற்றில் உள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைத் தின்கிறது. காங்கிரீட் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் கம்பிக்குக் காவல் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை பார்க்கவே அழகு. சின்னதாக ஒரு துளையைக் கொத்தி, தூசியை ஊதிவிட்டு, பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். பள்ளிக்கூட லேபில் பார்த்த அதே திரவம். காரம் மிச்சமிருக்கும் உள்பகுதி நொடியில் ரோஸ் நிறமாகும். காரம் போன வெளி ஓரம் நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். அந்தச் சாம்பல் பட்டையை ஸ்கேலால் அளந்து, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதோடு ஒப்பிட வேண்டும். 1978-ஆம் ஆண்டு விதிநூல் தளத்துக் கம்பிக்குக் கேட்ட மூடலே, அதாவது கம்பியை மூடி நிற்கும் காங்கிரீட்டே, 15 மில்லிமீட்டர்தான். 2000-இல்தான் அது பொதுவாக 20 ஆனது. 1988 வீட்டில் கம்பியைப் பலகை மேலேயே கிடத்திக் காங்கிரீட் கொட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. சாம்பல் பட்டை கம்பியைத் தாண்டிவிட்டதென்றால், இன்று துரு இல்லாத இடத்திலும் நாளை வரும்.

"ரீபவுண்ட் ஹாமர் வேல்யூ நல்லா இருக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள். பட்டுத் துள்ளும் அளவை வைத்துக் காங்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் சுத்தியல் அது. காரம் போன மேல்தோல் இறுகிப்போயிருக்கும். சுத்தியல் அதில் பட்டுத் துள்ளி, உள்ளதைவிட ஐம்பது சதவீதம் வரை கூடுதல் பலம் காட்டலாம். பழைய வீட்டுக்கு அந்த எண் மட்டும் போதாது. காங்கிரீட்டுக்குள் ஒலியை அனுப்பி வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சோதனையும் சேர்ந்திருந்தால் நல்லது. ஒலி விநாடிக்கு 3 கிலோமீட்டருக்குக் குறைவாகப் போனால் அந்தக் காங்கிரீட் சந்தேகக் கேஸ்.

வெளியே தெரியும் கம்பியைத் துரு நீக்கி வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி தேய்ந்து 6 ஆகியிருந்தால் கால் பங்கு போனது மாதிரி தோன்றும். பரப்பில் கணக்குப் போட்டால் 44 சதவீதம் போய்விட்டது. அங்கே புதுக் கம்பி சேர்க்காமல் செய்யும் ரிப்பேர் ரிப்பேரே இல்லை. கெட்ட காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்குக் கொத்தி, துரு நீக்கி, பூச்சு அடித்து, பாலிமர் கலவையோ மைக்ரோ காங்கிரீட்டோ போட வேண்டும். சிமென்டை அப்பி வெள்ளை அடித்தது இரண்டு மழைகூட நிற்காது.

பால்கனி, சஜ்ஜா (சன்னல் மேல் நீட்டும் பலகை): விரிசல் மேலேயா கீழேயா

சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் எதற்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். காங்கிரீட் போடும் அன்று ஆட்கள் அந்தக் கம்பி மேலேயே நடப்பார்கள். அது அமுங்கிக் கீழே போய்விடும். யாருக்கும் தெரியாது. முப்பது வருஷம் கழித்துப் பால்கனியின் மேல்பக்கம், சுவரை ஒட்டி, முழு நீளத்துக்கும் ஒரு கோடு தெரியும். அதில் மழைத்தண்ணீர் இறங்கி, மிச்சக் கம்பியையும் அரிக்கும். இந்தக் கோட்டைப் பார்த்தால் அந்தப் பால்கனியில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். டைல்ஸ் போட்டு மறைத்திருந்தால் கீழே வந்து, முனை தொங்குகிறதா என்று பக்கவாட்டில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.

கீழே கடை, மேலே சுவர்; அனுமதிக்கு மேல் ஒரு தளம்

பெங்களூருக்கே உரிய நோய் இது. தரைத்தளம் மட்டும் என்று போட்ட கடைக்காலின் மேல், வாடகை ஆசையில் ஒவ்வொன்றாக ஏற்றியிருப்பார்கள். அப்புறம் கார் நிறுத்தவோ கடை வைக்கவோ கீழே ஒரு சுவரை எடுத்திருப்பார்கள். மேல்மாடியில் ஒவ்வொரு சுவருக்கும் நேர் கீழே என்ன இருக்கிறது என்று இறங்கி வந்து பாருங்கள். சுவர் இருந்தால் சரி. பீம் இருந்தால், அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? வெறும் மோல்டு மட்டும் என்றால் அதன் நடுவில் தொய்வு தேடுங்கள். கார்ப்பரேஷன் அனுமதித்த பிளானை வாங்கி, தளங்களை எண்ணுங்கள். வக்கீல் இதைச் சட்டத்துக்காகக் கேட்பார்; நாம் கேட்பது கடைக்காலுக்காக. இரண்டு தளத்துக்குப் போட்ட கடைக்கால் மூன்றைத் தாங்குமா என்பதற்கு, ஒரு மூலையில் குழி தோண்டி, அகலமும் ஆழமும் அளந்து, கணக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். "தாங்குது சார், பாருங்க, நிக்குதே!" என்பது கணக்கில்லை.

2016 விதிநூல்படி பெங்களூர் நிலநடுக்க மண்டலம் 2. டெல்லி மண்டலம் 4. அந்த வகையில் நமக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் மழையும் வயசும் போதும். 2021 செப்டம்பர் 27 அன்று லக்கசந்திராவில் பழைய மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து விழுந்தது. அதில் தங்கியிருந்த மெட்ரோ வேலைத் தொழிலாளர்கள் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டதால் பிழைத்தார்கள்.

ஓதம்

தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை சுவர் ஈரமாக, பெயிண்ட் உரிந்து, உப்புப் பூத்திருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். அசிங்கம்தான், ஆபத்து குறைவு. கதவு நிலையின் அடியைச் சாவியால் குத்திப் பாருங்கள். சாவி இறங்கினால் கரையான் குடியிருக்கலாம். சுவரின் நடுவில் ஈரம் என்றால் குழாய். கழிவறைக்கு வெளிச்சுவரில் என்றால், தாழ்த்திப் போட்ட தளத்துக்குள் நிரப்பிய செங்கல் ஜல்லி ஊறிக்கிடக்கிறது. அதன் கீழ் அறைக் கூரையைத் தட்டாமல் வராதீர்கள்.

அல்சூர், காக்ஸ் டவுன் பக்கம் மரக்கட்டை வைத்துச் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடு பார்க்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன காங்கிரீட் கதை எதுவும் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது, உத்தரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடம். மரம் அங்கேதான் முதலில் மக்கும். மேலே யாராவது சிமென்ட் தளம் போட்டுப் பாரம் ஏற்றியிருந்தால் விலையை மறந்துவிட்டு வந்துவிடுங்கள் என்பேன்.

எந்தக் குறையுமே தெரியவில்லை

புது பெயிண்ட் வாசனை வீட்டில் நிற்கிறதென்றால் அதுவே ஒரு அறிகுறி. பீரோவுக்குப் பின்னால், லாஃப்டுக்குள், மீட்டர் பெட்டிக்கு மேலே பாருங்கள். பெயிண்டர் அங்கெல்லாம் போயிருக்க மாட்டார். மொட்டை மாடிச் சாவி தொலைந்துவிட்டது என்றால் பூட்டு உடைக்கும் ஆளை நீங்களே கூட்டிப்போங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலை ஒரு முறை போங்கள். இந்த ஊரில் செப்டம்பர், அக்டோபர் தோதான மாதம்.

ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் "விஷுவல் இன்ஸ்பெக்ஷன் மட்டும்" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அவர் தட்டவில்லை, துளைக்கவில்லை, அளக்கவில்லை என்று பொருள். "மானிட்டர் செய்யவும்" என்று எழுதியிருந்தால் எத்தனை மாதம், எதைக் கொண்டு, எவ்வளவு நகர்ந்தால் கவலைப்பட வேண்டும் என்று கேளுங்கள். "ஃபர்தர் இன்வெஸ்டிகேஷன்" என்றால் அந்தச் சோதனையை அட்வான்ஸுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

சித்தி மகன் அதே இன்ஜினியரை இன்னொரு அரை நாள் கூட்டிப்போனான். இந்த முறை சுத்தியலும் ரோஸ் திரவமும் வந்தன. பத்தாவது குறையில், கம்பி 12 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்க, காரம் 20 மில்லிமீட்டர் வரை இல்லாமல் போயிருந்தது. 140 சதுர அடி டொப் என்றது. மற்ற பதின்மூன்றில் பத்து பெயிண்டர் வேலை, இரண்டு பிளம்பர் வேலை. மிச்சமிருந்த ஒன்று சன்னல் மூலை விரிசல். சம்ப்பில் தண்ணீர் ஒரே ராத்திரியில் ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. ரிப்பேர் எஸ்டிமேட்டை நீட்டியதும் வீட்டுக்காரர் முதலில் கோபப்பட்டார். இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்து விலையைக் குறைத்தார். அக்ரிமென்ட் மூன்று மாதத்துக்கு. சம்ப்பை உடனே சரிசெய்துவிட்டார்கள். சன்னல் மூலையில் கண்ணாடித் துண்டை நானே போய் ஒட்டிவிட்டு வந்தேன்; அது உடைந்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று அக்ரிமென்ட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.